நீரில் தோய்ந்தாலும் நஞ்சு நஞ்சே



பேராதனைச் சர்வகலாசாலையில் வைத்தியமும் பல்வைத்தியமும் தாதியியலும் பயிலும் நம் மாணவர்கள் நாளை நோயாளரிடம், "புகையை விடுங்கள்" என்று கூறவேண்டியவர்கள். ஆதலால் ஹூக்காவைப் பற்றி முதலில் அவர்களோடு பேச விரும்புகின்றோம்.

நீரினூடே இழுத்தால் புகை தூய்மையாகும் என்ற எண்ணம் பழையது. 16ஆம் நூற்றாண்டில் அக்பரின் அவை வைத்தியர் அபுல் பத் கிலானியே இம்முறையை வகுத்தார் என்பர். வைத்தியர் வாக்கல்லவா? உலகம் நம்பிற்று!

உண்மை யாது? நீர் புகையைக் குளிர்விக்கிறது, நஞ்சை நீக்குவதில்லை. தொண்டையில் உறுத்தாமையால் ஆழமாக இழுக்கின்றனர். கரி எரிவதால் எழும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவும் நீரைக் கடந்து நுரையீரலை அடைகிறது. ஒருமுறை அமர்ந்து இழுப்பவர் 100 சிகரெட்டுக்கு ஈடான புகையை உள்ளிழுக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005இல் எச்சரித்தது. குழாய் வாய்க்கு வாய் மாறுவதால் தொற்றுநோயும் பரவலாம்.

21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதை இலங்கையின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் கடைக்காரரைத் தடுக்கும். கண்டி நகரில் மாலை வேளையில் நண்பர் நீட்டும் குழாயை நாமேதான் மறுக்கவேண்டும்.

இளைஞர்களே! நோயாளி வைத்தியரின் சொல்லை மட்டுமன்று, நடத்தையையும் நோக்குகிறார். அன்று ஒரு வைத்தியர் பெயரால் பரவிய மயக்கத்தை இன்றைய வைத்திய மாணவர்களே தீர்த்து வைப்பார்களாக!