மா. கிருஷ்ணனின் கருவி



தம் முதல் ஒளிப்படக் கருவியை மறந்த படக்கலைஞர் அரியர். அதன் பெயரும் விலையுமே பெரும்பாலும் பேச்சாகும். கானுயிர்ப் படக்கலைஞர் மா. கிருஷ்ணன் (1912–1996) இவ்வழக்கிற்கு விலக்கு. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மைந்தரான அவர், வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தமக்கெனக் கனத்த கருவியொன்றை அமைத்துக்கொண்டார். ‘சூப்பர் பாண்டெரோசா’ என வேடிக்கையாகப் பெயருமிட்டார்.

கருப்பு வெள்ளையே அவர் விரும்பிய வண்ணம். அந்நாளில் பெரிய படச்சுருளிலும் பன்னிரண்டு சதுரப் படங்களே அடங்கும். கழுவிப் பார்க்கும்வரை விளைவு தெரியாது. ஆதலின் காத்திருத்தலே கலையின் முதற் பாடமாயிற்று. பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், யானைகளைப் படமெடுத்ததோடு அவற்றின் வாழ்வையும் ஆராய்ந்து எழுதினார்.

ஓசூர்க்கு இச்செய்தி அயலன்று. தொழிற்பேட்டைக்கு அப்பால் தளி, ஜவளகிரிக் காடுகளில் யானைகள் உலவுகின்றன. எல்லை கடந்து பன்னேர்கட்டாவிலிருந்தும் அவை வருகின்றன. 2014-இல் காவிரி வடக்குக் காட்டுயிர்ச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஆயினும், கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானை வயலுக்கு வந்தால் கைப்பேசிகளோடு கூட்டம் சூழ்கிறது. எடுத்தவர்க்குப் படம் கிடைக்கிறது. யானைக்கோ திரும்பும் வழி அடைபடுகிறது. மிரண்ட யானையின் முன் அகப்படுபவர் பெரும்பாலும் அந்நிலத்து உழவரே.

கருவி எளிதாயிற்று, காத்திருத்தல் அரிதாயிற்று. விலகி நின்று, காணப்படும் உயிர்க்கு இடம்விட்டுக் காண்பது படக்கலைஞர்க்கு மட்டுமன்று, கவிஞர்க்கும் உரிய கடமையாகும்.