பொல்லீனா மலையில் ஒரு கத்தி



போன ஓகஸ்டில் மகனோடு மத்தோனி மலையில் இருக்கும் பொல்லீனா கிராமத்துக்குப் போனேன். பலெர்மோவுக்குக் கிழக்கே, 700 மீற்றருக்கு மேலே, காடு சூழ்ந்த ஊர். பூட்டிக் கிடந்த வீடுகள் கனக்க.

அங்கே பிரஸ்ஸினோ மரத்தின் பட்டையைக் கத்தியால் குறுக்கே கீறுகிறார்கள். வடிகிற பால் முதலில் கசக்கும். வெயிலில் வெள்ளையாய்க் காய்ந்து தொங்கினால் இனிக்கும். அதுதான் மன்னா. மழை வந்தால் அவ்வளவு பாடும் கரைஞ்சு போகும். அதிலிருந்து எடுத்த மனிட்டோல் மருந்தைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கினதும் தொழில் படுத்துவிட்டது. இப்போது பொல்லீனாவிலும் பக்கத்துக் கஸ்தெல்புவோனோவிலும்தான் மிச்சம்.

கீறிக்கொண்டு நின்ற கிழவர் கத்தியை மகனிடம் கொடுத்து, "இது என்ர தகப்பன்ர கத்தி" என்றார். மகன் திரும்பி, "அப்பா, அப்பப்பா என்ன வேலை செய்தவர்?" எண்டு கேட்டான்.

என்ர ஐயா பனை சீவினவர். தளைநார் போட்டுக் காலையும் பின்னேரமும் ஏறி இறங்கின காசிலதான் நான் ஏ.எல். வரை படிச்சனான். பள்ளிக்கூடத்தில் கேட்டால் "தோட்டம்" எண்டு சொல்லுவன். இங்கே வந்தும் அப்பிடித்தான். இந்த மண்டபத்தில் பலருக்கு இண்டைக்குத்தான் தெரியும்.

மகனுக்கு அந்த மரத்தடியிலேயே சொன்னேன். அவன் கிழவருக்கு இத்தாலியனில் சொன்னான். கிழவர் கீறுறதை விட்டுட்டு வந்து குந்தினார். "ஏணி இல்லாமலோ? எவ்வளவு உயரம்?" எண்டு கேட்டார். பனையையும் பாளையையும் முட்டியையும் கையால் காட்டி விளங்கப்படுத்தி முடிய, எங்கட பஸ்ஸும் போயிட்டுது.