பார்ப்பவர் எங்கே இருக்கிறார்?



கிளிநொச்சியில் இருந்துகொண்டு இணையத்தில் பொருள் விற்கிறவன் நான். ஒடியல் மா, பனங்கட்டி, முல்லைத்தீவுக் கருவாடு, தேன், வீட்டில் இடித்த கறித்தூள் இவைதான் சரக்கு. இணைய வியாபாரம் என்றால் பெரிய சங்கதி போலக் கேட்கும். பாதி வேலை பொதி கட்டுவது. மீதி வேலை வட்ஸ்அப்பில் வருகிற குரல்பதிவுகளுக்குப் பதில் சொல்வது. இந்தத் தொழிலைப் பற்றியும், ஊரெல்லாம் கைபேசியோடு நடக்கிற செய்தி வேலையைப் பற்றியும் பேசச் சொல்லி வானொலியில் கேட்டார்கள். இரண்டும் வேறு வேறு என்று நினைப்பவர்கள் உண்டு. வன்னியில் இரண்டும் ஒரே கைபேசிக்குள்தான் இருக்கின்றன. காலையில் கருவாட்டுக்கு விளம்பரம் போடுகிற பெடியன்தான் பின்னேரம் வீதி விபத்தை நேரலையில் காட்டுகிறான்.

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். வியாபாரிக்கு அதுதானே முதல் வரும்.

யூரியூப்பில் விளம்பரக் காசு எடுப்பதற்கு ஆயிரம் சந்தாதாரர் வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் 4000 மணித்தியாலம் சனம் பார்த்திருக்கவும் வேண்டும். அதைத் தாண்டினால், நீளமான வீடியோக்களில் ஓடுகிற விளம்பர வருமானத்தில் 55 வீதம் வீடியோ போட்டவருக்கு. இந்தக் கணக்கு இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். பலர் கவனிக்காதது இன்னொன்று. விளம்பரத்தின் விலை, பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. பரந்தனில் இருந்து ஒருவர் பார்த்தால் வருவது சில்லறை. அதே வீடியோவை ரொறன்ரோவில் ஒருவர் பார்த்தால் வருவது அதைப்போலப் பல மடங்கு. அங்கே விளம்பரம் கொடுக்கிற கார்க் கொம்பனிக்கும் காப்புறுதிக் கொம்பனிக்கும் அந்தக் கண்கள் விலை கூடியவை.

2022இல் இது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. டொலர் 200 ரூபாவில் நின்றது. மார்ச் தொடங்கி சில வாரங்களுக்குள் 360 ரூபா வரை ஏறியது. எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற அதே காலத்தில், டொலரில் வருமானம் வந்தவர்களுக்கு ஒன்றுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் ரூபா கிடைத்தது. வயல் செய்தவனுக்கு உரம் இல்லை, கடலுக்குப் போனவனுக்கு மண்ணெண்ணெய் இல்லை. கமரா வைத்திருந்தவனுக்கு மட்டும் அது நல்ல போகம். இதைப் பார்த்த இளம் பிள்ளைகள் என்ன முடிவுக்கு வருவார்கள்?

அப்படியானால் எதைப் படம்பிடிப்பது? ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர் எதைப் பார்ப்பாரோ அதை. விட்டுவந்த ஊர், கோவில் திருவிழா, குளத்து மீன், சந்தை எல்லாம் ஓடும். எல்லாவற்றையும் விடக் கூட ஓடுவது கண்ணீர்.

“உதவி வீடியோ” என்று ஒரு வகை வளர்ந்திருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். தகரக் கொட்டில், போரில் காலை இழந்த தகப்பன், கணவனைத் தேடிக்கொண்டிருக்கிற தாய், பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. கேள்வி கேட்கிறவர் கமராவோடு உள்ளே போகிறார். அடுப்பைக் காட்டுகிறார், அரிசிப் பானையைத் திறந்து காட்டுகிறார். அந்த அம்மா அழும் வரைக்கும் கேள்வி முடியாது. அடுத்த வீடியோவில் வெளிநாட்டில் இருந்து யாரோ ஒருவர் அனுப்பிய காசு, கமராவுக்கு முன்னால் எண்ணிக் கொடுக்கப்படுகிறது.

இதில் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கிணறு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், மலசலகூடம் கட்டியிருக்கிறார்கள், சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பிரதேச செயலகத்துக்கு நடந்து நடந்து களைத்த குடும்பத்துக்கு ஒரு வீடியோவால் ஒரு கிழமையில் கூரை வந்ததும் உண்டு. உதவி செய்யும் மனம் உண்மையானது. எனக்குப் பிரச்சினை வியாபார முறையில்தான்.

விசுவமடுவில் ஒரு அம்மா எனக்கு ஒடியல் மா தருகிறார். விலையை அவர்தான் சொல்வார். கட்டாவிட்டால் “வேண்டாம் தம்பி, நான் வேற ஆளுக்குக் குடுக்கிறன்” என்பார். வாங்குகிறவருக்குப் பிடிக்காவிட்டால் என்னிடம் திருப்பி அனுப்பலாம். மூன்று பேர் இருக்கிறோம், மூன்று பேருக்கும் வாய் இருக்கிறது. உதவி வீடியோவிலும் மூன்று பேர்: எடுப்பவர், பார்ப்பவர், படத்தில் இருப்பவர். எடுப்பவருக்கும் பார்ப்பவருக்கும் இடையில்தான் கொடுக்கல் வாங்கல். படத்தில் இருப்பவர் விலை சொல்ல முடியாது, திருப்பி எடுக்கவும் முடியாது. கூரை பழையதாகிவிடும். அந்த வீடியோ அப்படியே இருக்கும். அந்தப் பிள்ளை வளர்ந்து கல்யாணம் பேசப் போகும்போதும், தன் தாய் அரிசிப் பானையைத் திறந்து காட்டிய காட்சியை யாராவது தேடி எடுத்துப் பார்க்கலாம்.

சரக்குத் தருகிறவருக்குக் கொடுக்கிற மரியாதையை முகம் தருகிறவருக்கும் கொடுங்கள் என்பதுதான் என் வாதம். போட முதல் அவருக்குக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அழியுங்கள். பிள்ளைகளின் முகத்தை மறையுங்கள். அந்த வீடியோவுக்கு விளம்பரத்தால் வந்த காசில் ஒரு பங்கு அந்த வீட்டுக்குப் போகட்டும். இதற்குச் சட்டம் தேவையில்லை, சாதாரண வியாபார நேர்மை போதும்.    

ஊர்க்காரரே செய்தி சொல்கிற இந்த வேலைக்குக் குடிமக்கள் ஊடகம் என்று பெயர். அந்தச் சொல் இலங்கையில் புதிதல்ல. 2006இல் சஞ்சன ஹத்தொட்டுவ தொடங்கிய கிரவுண்ட்வியூஸ் தளம் அந்தப் பெயரோடுதான் வந்தது. 2014இல் தமிழில் ‘மாற்றம்’ தளம் வந்தது. கிரவுண்ட்வியூஸ் தொடங்கிய அதே 2006இன் ஆகஸ்ட்டில்தான் ஏ9 பாதை மூடப்பட்டு வன்னி தனித்துப் போனது. கொழும்பில் அவர்கள் இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது, இங்கே எங்களுக்குக் கைபேசி அலைவரிசையே இல்லை.

அதற்கு முன்னர் தொண்ணூறுகளில் பற்றரிக்கும் தடை இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் வானொலி கேட்ட சனம் நாங்கள். பீ.பீ.சி. தமிழோசை, வெரித்தாஸ் எல்லாம் அப்படிக் கேட்டவைதான். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். ஆகவே செய்திக்கு விலை உண்டு என்று வன்னிக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அதே தொண்ணூறுகளின் முடிவில், மலைநாட்டில் கொத்மலை சமூக வானொலி யுனெஸ்கோவின் துணையோடு ஒரு காரியம் செய்தது. நேயர்கள் தங்களுக்குத் தெரியவேண்டியதைக் கேட்டு அனுப்புவார்கள். நிலையத்தில் இருப்பவர்கள் அதை இணையத்தில் தேடி, ஆங்கிலத்தில் கிடைப்பதைத் தங்கள் மொழியில் விளக்குவார்கள். வீட்டில் கணினி கண்டிராத விவசாயிக்கும் இணையம் அப்படிப் போய்ச் சேர்ந்தது. இன்று எல்லார் கையிலும் இணையம் இருக்கிறது. ஆனால் என்ன வேண்டும் என்று பக்கத்து ஊர்க்காரனைக் கேட்கிறவர் யார்?

யாரும் கேட்காமலே ஊரின் செய்தியைக் கொண்டுபோனவர்களும் இங்கே இருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் உட்கார்ந்தபோதும், கேப்பாப்பிலவில் காணிக்காகச் சனம் முகாம் வாசலில் படுத்துக் கிடந்தபோதும், அந்தக் காட்சிகளைக் கொண்டுபோனவை பெரும்பாலும் ஊர்ச் செய்தியாளர்களின் கமராக்கள். 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவு முறிப்பில் மரக்கடத்தலைப் படம்பிடிக்கப் போன செய்தியாளர்கள் கணபதிப்பிள்ளை குமணனும் சண்முகம் தவசீலனும் தாக்கப்பட்டார்கள். பிராந்தியச் செய்தியாளர் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. பெற்றோலுக்கே அது காணாது. காட்டுக்குள் போய் அடிவாங்கி எடுத்த படத்தை விட, அரிசிப் பானையைத் திறந்து காட்டிய படம் கூட உழைக்கிறது என்றால், பத்து வருடத்தில் காட்டுக்குள் போக யார் மிஞ்சுவார்கள்?

2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்தது ஞாபகம் இருக்கும். ஒரே இரவில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் மூழ்கின. எந்த வீதியில் தண்ணீர், எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறது என்பதுதான் அப்போது உயிர் காக்கிற செய்தி. அப்படியான செய்தியை ரொறன்ரோவில் இருப்பவர் ஒரு நிமிடம் கவலையோடு பார்ப்பார். பரந்தனில் இருப்பவருக்கு அது வீட்டைப் பூட்டுவதா, விட்டு ஓடுவதா என்ற கேள்வி. விளம்பரக் கணக்கில் இரண்டாமவர்தான் சில்லறை.

பரந்தனில் இருப்பவருக்குத் தேவையான செய்தியைக் கொடுக்கப் பெரிய முதலீடு வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. குளங்களின் நீர்மட்டம், பரந்தனிலும் மாங்குளத்திலும் வவுனியாவிலும் அன்றைக்கு நெல் என்ன விலைக்குப் போகிறது, எந்த பஸ் ஓடவில்லை, கிளினிக் எந்த நாளில், இவ்வளவையும் ஒருவர் காலையில் சரிபார்த்துத் தன் பெயரைச் சொல்லி வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவாகப் போட்டால் போதும். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று அறிவித்தது. வயலுக்கு வருகிற யாவாரி அதற்குக் குறையக் கேட்டால், நாலு ஊர் விலை தெரிந்த விவசாயி பேரம் பேசலாம்.

அந்தக் குரல்பதிவுக்கு டொலர் வராது. ஊர்க் காசு வர வேண்டும். கரடிப்போக்குச் சந்தியிலும் புதுக்குடியிருப்பிலும் கடை வைத்திருக்கிற அண்ணைமார், அக்காமார் இதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். விளம்பரத்துக்கென்று நீங்கள் பேஸ்புக்குக்குக் கட்டுகிற காசில் ஒரு சின்னப் பங்கு இதற்குப் போதும். அப்படிப் பொறுப்பாகச் செய்ய ஒரு பிள்ளை முன்வந்தால், முதல் மூன்று மாத விளம்பரத்துக்கு என் கறித்தூளின் பெயரை எழுதிக்கொள்ளட்டும்.