"போர்டு போயிடுச்சு" என்பதற்கு முன்...

(கூடுவாஞ்சேரியில் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் மேல்நிலை மாணவர்களில் சிலர் இப்போது வீட்டிலேயே கணினி அசெம்பிள் செய்கிறார்கள். இங்கே மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் ரிச்சி தெரு பக்கம்தான். மதர்போர்டு, பிராசஸர், ராம், எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் எல்லாம் தனித்தனியாக வாங்கி வந்துவிடலாம். அந்தப் பணம் பெரும்பாலும் அப்பாவின் போனஸாகவோ அம்மா கட்டிய சீட்டாகவோ இருக்கும். எல்லாவற்றையும் மாட்டிப் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. "போர்டு போயிடுச்சு" என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சொல்லை நம்பினால் குடும்பம் இரண்டாவது முறை செலவு செய்யும். "இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்ற பேச்சும் பிள்ளைக்குக் கிடைக்கும்.

புதிதாகச் சேர்த்த கணினி இயங்காமல் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இணைப்பைத்தான். எனவே "எது கெட்டுப்போச்சு?" என்று கேட்காமல், "மின்சாரம் எதுவரை வந்திருக்கு?" என்று மாணவரிடம் கேட்போம்.

கை வைக்கும் முன் பிளக்கைக் கழற்ற வேண்டும். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் மாணவர் ஒருபோதும் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் மின்னூட்டம் இருக்கும்.

இனி, அறிகுறியைப் பார்ப்போம்.

முதலாவது, மின்விசிறிகூடச் சுற்றவில்லை. சுவர் ஸ்விட்ச், எஸ்.எம்.பி.எஸ். பின்புற ஸ்விட்ச், போர்டில் செருகும் 24 பின் இணைப்பு என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, கேபினெட் பட்டனிலிருந்து வரும் மெல்லிய வயர். அது எந்த இரண்டு பின்களில் செருக வேண்டும் என்பது போர்டின் கையேட்டில் படமாகவே இருக்கும். பட்டன் வயரை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும், எல்.இ.டி. விளக்கின் வயருக்குத்தான் பிளஸ், மைனஸ் உண்டு.

இரண்டாவது, மின்விசிறி சுற்றுகிறது, திரையில் படம் இல்லை. பிராசஸருக்கென்று போர்டின் மேல்மூலையில் தனியாக 4 அல்லது 8 பின் இணைப்பு உண்டு. முதன்முறை செய்பவர்கள் எளிதில் மறந்துவிடக்கூடியது இது. கிராபிக்ஸ் கார்டின் 8 பின் வயரும் பார்க்க இதுபோலவே இருக்கும். பொருந்தாததை அழுத்திச் செருகக் கூடாது. பிறகு ராமைக் கழற்றி, 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை நேராக அழுத்தி மாட்ட வேண்டும். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளை அதில்தான் செருக வேண்டும், போர்டில் அல்ல.

மூன்றாவது, ஒரு கணம் சுற்றி உடனே நிற்கிறது. போர்டுக்கு அடியில் தேவையற்ற இடத்தில் பித்தளைத் தாங்கி ஏதேனும் தொட்டுக்கொண்டிருந்தால் ஷார்ட் ஆகி இப்படி நடக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் புலப்படாவிட்டால், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, போர்டு, கூலருடன் பிராசஸர், ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டர் மட்டும் வைத்து இயக்கிப் பார்க்கலாம். பிராசஸரில் கிராபிக்ஸ் வசதி இல்லையென்றால் கார்டும் வேண்டும். படம் வந்தால், ஒவ்வொன்றாகச் சேர்த்து, சேர்க்கும்தோறும் இயக்கிப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. அறிவியல் ஆய்வகத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று என்று நாம் சொல்லித்தருவதும் இதைத்தானே?

கணினி தொடங்கும்போது தன்னைத்தானே சோதித்துக்கொள்வதைப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் நடத்துகிறோம். பல புதிய போர்டுகளில் அந்தச் சோதனை எந்த இடத்தில் நின்றது என்பதைப் பிராசஸர், ராம், கிராபிக்ஸ், பூட் என நான்கு சிறு விளக்குகள் காட்டும். பாடநூல் வரி கண்முன்னே எரியும் இடம் அது.

பள்ளியில் பயன்பாட்டிலிருந்து நீக்கிய பழைய கணினி இருந்தால், தலைமையாசிரியர் அனுமதியுடன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏதேனும் ஓர் இணைப்பை நீங்களே கழற்றிவிட்டு, மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். என்ன பார்த்தார்கள், எதை மாற்றினார்கள், என்ன நடந்தது என்று மூன்று கட்டமிட்டு எழுதச் சொல்லுங்கள். அப்படிப் பழகிய பிள்ளை, போர்டு போய்விட்டதாக யார் சொன்னாலும், "எப்படித் தெரியும்?" என்று கேட்கும்.