அடுக்களை ஜலமும் விடுதிச் சாக்கடையும்
(அரியூர் நாட்டுக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களிடையே நிகழ்த்திய பிரசங்கம்)



சாமை, மிளகு, காப்பி, பலா ஆகியவற்றைப் பற்றி இவ்விடத்தில் பேசுவது வழக்கம். இன்று நான் பேச வந்திருப்பது சாக்கடையைப் பற்றி. முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். பேசாமல் விட்டதனாலேயே இவ்விஷயம் முற்றிக்கொண்டு வருகிறது.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அறப்பளீசுவரர் தரிசனத்துக்கும் ஆகாய கங்கைக்கும் வருகிறவர்களுக்காக, நம் மலையில் சாப்பாட்டுக் கடைகளும் தங்கும் விடுதிகளும் எழும்பியிருக்கின்றன. ஆடி மாதத்தில் வல்வில் ஓரி விழா நடக்கையில், 20 பேருக்குச் சமைக்கும் அடுக்களை 200 பேருக்குச் சமைக்கிறது. மலை மேல் பாதாளச் சாக்கடை கிடையாது. ஒவ்வொரு கட்டடமும் தன் அசுத்த ஜலத்தைத் தன் செப்டிக் டாங்கிலும் உறிஞ்சு குழியிலும் தானே அடக்கிக்கொள்ள வேண்டும். அவை அடைபட்டால் ஜலம் வந்த வழியே திரும்பும். கட்டடத்தில் எந்தத் திறப்பு எல்லாவற்றிலும் தாழ்ந்ததோ, அதன் வழியாகத்தான் அது வெளிப்படும். பெரும்பாலும் அது கீழ்த்தளத்துக் கக்கூஸாக இருக்கும். அல்லது அடுக்களைத் தரையின் துவாரமாக இருக்கும். மேல் மாடியில் விருந்தினர் குளித்த ஜலம், கீழே சோறு வடிக்கும் இடத்தில் பொங்கி வருமென்றால் அக்கடையில் யார் உண்பார்கள்?

அடைப்புக்குத் தலையாய காரணம் எண்ணெயும் கொழுப்புமே. பாத்திரம் கழுவும் வெந்நீரில் எண்ணெய் இளகி ஓடுகிறது. குழாயில் போகும்போது ஜலம் ஆறுகிறது. கொழுப்பு குழாயின் சுவரில் படிகிறது. அதன் மேல் சோற்றுப் பருக்கை, தேயிலைச் சக்கை, சோப்பு நுரை எல்லாம் ஒட்டி, நாளடைவில் 4 அங்குலக் குழாய் 1 அங்குலத் துவாரமாகிவிடும். இவ்விஷயத்தில் மலைவாசிகளாகிய நாம் சமவெளிக்காரரைவிட அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிச் சூட்டிலேயே உறைந்துவிடும். வனஸ்பதியும் இறைச்சிக் கொழுப்பும் அதற்கு முன்பே இறுகும். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்திலுள்ள நமக்கு, மார்கழி இரவில் குழாய் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய நகரங்களும் இத்தொல்லைக்கு விலக்கல்ல. 2017-ஆம் வருஷம் லண்டன் மாநகரின் வொயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 250 மீட்டர் நீளமும் சுமார் 130 டன் எடையுமுள்ள கொழுப்புக் கட்டியைக் கண்டு, வாரக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள்.

இதற்குப் பரிகாரம் எளியது. கொத்தனார்கள் 'கிரீஸ் டிராப்' என்று சொல்லும் கொழுப்புத் தடுப்புத் தொட்டியை அடுக்களைக்கு வெளியே கட்ட வேண்டும். தொட்டியின் தத்துவம் யாதெனில், எண்ணெய் மிதக்கும், எச்சில் பருக்கை அடியில் தங்கும், இடையிலுள்ள ஜலம் மட்டும் வெளியேற வேண்டும் என்பதே. ஆகையால் வெளிச்செல்லும் குழாயின் வாய் ஜல மட்டத்துக்கு வெகு கீழே இறங்கியிருக்க வேண்டும். நடுவே ஒரு தடுப்புச் சுவரும் வேண்டும். மேல் மட்டத்திலேயே குழாய் வைத்துக் கட்டிய தொட்டி, தொட்டியே இல்லாததற்குச் சமானம். நெருக்கடியான வேளையில் அரை மணி நேரத்தில் ஓடும் ஜலத்தையாவது தொட்டி தாங்க வேண்டும். 3 அடி நீளமும் 2 அடி அகலமும், ஜலம் நிற்கும் ஆழம் 2 அடியும் உள்ள தொட்டி ஏறத்தாழ 340 லிட்டர் கொள்ளும். சிறு கடைக்கு இது போதும். கக்கூஸ் ஜலத்தை இதில் ஒருபோதும் விடக்கூடாது. கூரையின் மழைஜலத்தையும் எந்தச் சாக்கடைக் குழாயிலும் சேர்க்கலாகாது. ஒரு பெருமழையிலேயே செப்டிக் டாங்க் நிரம்பி ஜலம் எதிர்த்து வரும்.

கட்டிவிட்டு மறந்துபோவதே நம்மவரின் பெரிய குறை. வாரம் ஒரு முறை மூடியைத் திறந்து, சற்று நேரம் காற்றாட விட்டு, ஒரு குச்சியை இறக்கிப் பாருங்கள். மேலே மிதக்கும் கொழுப்பும் அடியில் தங்கிய சேறும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கை எட்டிவிட்டால் அன்றே வாரிவிட வேண்டும். வாரியதை மரத்தூளோ சாம்பலோ கலந்து, ஓடைக்கும் ஊற்றுக்கும் தூரமான குழியில் புதைக்கலாம். சிலர் கொதிநீரையும் காரத்தையும் ஊற்றிக் கரைத்துவிட்டதாகப் பெருமைப்படுகிறார்கள். அது கரைந்துபோகவில்லை, 20 அடி தள்ளிப் போய் மறுபடியும் உறைந்திருக்கிறது. பாத்திரத்தைக் கழுவுமுன் காகிதத்தாலோ காய்ந்த இலையாலோ வழித்தெடுப்பது அதைவிட மேலான வைத்தியம்.

இனிச் சொல்லப்போவது உயிர் சம்பந்தமானது. 2019-ஆம் வருஷம் ஜூன் மாதம், குஜராத்தில் வடோதராவுக்கு அருகிலுள்ள பர்த்திகுயி கிராமத்தில், ஒரு ஹோட்டலின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் மேலே வரவில்லை. அவரைத் தேடி மற்றவர்கள் இறங்கினார்கள். அவர்களைக் காப்பாற்ற ஹோட்டல் சிப்பந்திகளும் இறங்கினார்கள். 7 பேர் மாண்டார்கள். தொட்டிக்குள் தேங்கும் விஷவாயு, அதிகமாக இருக்குமிடத்தில் மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றமில்லை என்று நம்பி இறங்குவது மரணத்தில் இறங்குவதாகும். 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி, தகுந்த பாதுகாப்பின்றி ஒருவரைச் செப்டிக் டாங்கில் இறக்குவது குற்றம். முதற் குற்றத்துக்கே 2 வருஷம் வரை சிறைவாசமோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். சாக்கடை வேலையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் 2023-ஆம் வருஷம் அக்டோபரில் தீர்ப்பளித்திருக்கிறது. இறங்குகிறவர் எப்பொழுதும் ஏழை என்பதைத் தாங்கள் அறிவீர்கள்; நம் பிள்ளைகளில் ஒருவன் 500 ரூபாய் கூலிக்கு இறங்குகிறான் என்று எண்ணிப்பாருங்கள். செப்டிக் டாங்கை இரண்டு மூன்று வருஷங்களுக்கு ஒரு முறை உறிஞ்சு லாரி கொண்டே காலி செய்ய வேண்டும். லாரி ஏறி வரும் செலவு ஒரு கடைக்குப் பாரந்தான். ஐந்தாறு கடைகள் சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்தால் அது தாங்கக்கூடியதாகும்.

இங்கேதான் சங்கத்தின் வேலை இருக்கிறது. பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், கடைதோறும் தகரத்தில் சேர்த்து, பயோடீசல் செய்கிறவர்களுக்கு விற்கலாம். கெட்டுப்போன எண்ணெயின் கழிவுச் சேர்மானம் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாதென்ற விதியை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் அமலுக்குக் கொண்டுவந்தது. அவ்வருஷமே பழைய எண்ணெயைத் திரட்டும் ஏற்பாட்டையும் தொடங்கிற்று. தனிக் கடைக்காரனின் 5 லிட்டரை வாங்க யாரும் மலையேற மாட்டார்கள். சங்கத்தின் 200 லிட்டர் பீப்பாய்க்கு வருவார்கள்.

நம் ஓடைகள் இறங்கிப் போவது புளியஞ்சோலைப் பக்கமும் அதற்கப்பாலும் உள்ளவர்கள் குளிக்கவும் புழங்கவும் உபயோகிக்கும் ஜலத்தில்தான். மண் மெல்லியதாய், கீழே பாறையாய் உள்ள இடத்தில் உறிஞ்சு குழி வெட்டினால், அது உறிஞ்சாது. பாறை இடுக்கின் வழியே அசுத்தத்தை அடுத்த ஊற்றுக்கு அனுப்பும். ஆகவே குழி வெட்டுமுன் ஒரு முழக் குழி தோண்டி, ஒரு வாளி ஜலம் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வற்றுகிறதென்று பாருங்கள். ஜலம் அப்படியே நின்றால் வேறிடம் தேடுங்கள். ஆடி 18-க்கு முன் ஒவ்வொரு கடையின் தொட்டியையும் குச்சி இறக்கிப் பார்த்து வர, அங்கத்தினரில் இருவரை இக்கூட்டத்திலேயே நியமிக்கும்படி காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.