குறும்பா, கேடா?

(அறக்கட்டளையின் பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கல்வி உதவி விண்ணப்பத்தோடு வரும் ரேங்க் கார்டுகளில் சில ஆசிரியர்கள் ‘மிஸ்சிவஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். “துறுதுறுன்னு இருக்கான்னுதானே அர்த்தம்?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். பாதி சரி. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லுக்குத் துன்பம், கேடு என்றுதான் பொருள். குழந்தைக் குறும்பு என்ற செல்லப் பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. நம் வீட்டு உருதுவிலும் இதே கதைதான். ‘ஷராரத்’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அதன் வேர் அரபியில் ‘ஷர்’, அதாவது தீமை. தமிழிலும் குழந்தை செய்வது விஷமம், ஊரைக் கெடுக்கும் பேச்சும் விஷமம்.

ஆகவே அந்தச் சொல்லைப் பார்த்தால் ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: என்ன செய்தான், யாரிடம் செய்தான்? கரும்பலகையில் படம் வரைந்தானா, அல்லது ஒரே பையனின் டிபன் பாக்ஸைத் தினமும் ஒளித்து வைக்கிறானா?

அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. பயணத்தில் உறங்கிய தோழரின் கயிற்றை இன்னொருவர் எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமைப் பயமுறுத்துவது ஆகுமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். கயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு நொடிப் பயம்தான் கணக்கில் வந்தது.

1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு, ராகிங் செய்த மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். அந்த மாணவருக்கு விதித்த ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இந்தக் கொலைக்குப் பிறகுதான் 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதை வாசித்துப் பாருங்கள்: அடிப்பது மட்டுமல்ல, கேலியும் விளையாட்டாக ஏமாற்றுவதும்கூட ராகிங்தான். இரண்டாண்டுச் சிறை, 10,000 ரூபாய் அபராதம் வரை போகும். தண்டனை பெற்றவரைக் கல்லூரி நீக்கிவிடும், வேறு கல்லூரியும் சேர்க்காது. “சும்மா விளையாட்டுக்கு” என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

நம் பிள்ளைகள் ஓசூர், சேலம், பெங்களூர் என்று விடுதிகளுக்குப் போகிறார்கள். ராகிங்குக்கு ஆளானால் அழைக்க வேண்டிய கட்டணமில்லா எண் 1800-180-5522, இரவிலும் எடுப்பார்கள். பெட்டி கட்டும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.