காயம்பட்ட பூனைக்குட்டியும் நம் கைகளும்

(அம்பாங்கில் அன்பர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

 

ஆன்மிக மேடையில் பூனையைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று சிலர் புன்னகை செய்வது எனக்குத் தெரிகிறது. ஆனால் சரணாகதியை விளக்க வந்த வைணவப் பெரியோர்கள் பூனையைத்தான் துணைக்கு அழைத்தார்கள். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டி ஒன்றும் செய்யாது. தாய்தான் அதைக் கவ்விக்கொண்டு போகும். முதலாவது வடகலையாரின் மர்க்கட நியாயம். இரண்டாவது தென்கலையாரின் மார்ஜார நியாயம். மாமல்லபுரத்துச் சிற்பத்தில் எலிகள் சூழத் தவக்கோலத்தில் நிற்கும் பூனையையும் பலர் பார்த்திருப்பீர்கள். ஆக, பூனைக்கு நம்மிடம் நல்ல பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு.

கோயில் வாசலுக்கு வருவோம். அன்னதானம் நடக்கும் இடம், எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணி, பெட்டியில் குட்டிகளை வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் ஒன்றிரண்டு தப்பி வளர்கின்றன. ஐந்தாறு மாதத்தில் ஒருநாள் அது நொண்டிக்கொண்டு வந்து செருப்பு வைக்கும் இடத்தில் படுத்திருக்கும். மழைக்கு ஒதுங்கிக் காரின் எஞ்சின் பக்கம் ஏறியிருக்கலாம். பெரிய பூனையோடு சண்டை போட்டிருக்கலாம். பார்க்கும் நமக்கு மனம் பொறுப்பதில்லை. உடனே ஏதாவது செய்ய வேண்டும் என்று கை பரபரக்கிறது. அந்தப் பரபரப்பைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

பழனிமலைப் பகுதியை ஆண்ட பேகன், மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தான். மயிலுக்குப் போர்வை தேவையா என்று அவன் கேட்கவில்லை. அதனால்தான் அவனைப் புலவர்கள் போற்றினார்கள். ஆனால் பேகன் கொடுத்த போர்வையால் மயிலுக்கு ஒரு கேடும் வரவில்லை. நாம் இரக்கத்தோடு கொடுப்பது பல வேளைகளில் பூனையின் உயிரையே எடுத்துவிடுகிறது.

நம் வீடுகளில் பனடோல் இல்லாத வீடு உண்டா? குழந்தைக்குக் கொடுக்கிறோமே, பூனைக்குக் கால் துண்டு கொடுத்தால் வலி குறையாதா என்று நல்ல எண்ணத்தில் கேட்கிறார்கள். பாராசிட்டமோலை உடைத்து வெளியேற்ற நம் கல்லீரலில் உள்ள வழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. அந்த மருந்து நஞ்சாக மாறி இரத்தத்தின் சிவப்பணுக்களைக் கெடுத்துவிடும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். குட்டிக்கு அதைவிடக் குறைவே போதும். யாராவது தெரியாமல் கொடுத்துவிட்டால், அந்த மணியிலேயே மருத்துவரிடம் ஓட வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது; ஆனால் நேரம் கடந்தால் பயன்படாது.

டெட்டோலும் அப்படித்தான். பூனை தன் உடம்பை நாக்கால் நக்கித் துடைக்கும் பிராணி. தோலில் நாம் தடவுவது சற்று நேரத்தில் வயிற்றுக்குள் போய்விடும். கோடாலித் தைலமும் மற்ற தைலங்களும் இதே கணக்கில் சேரும். மஞ்சள்தூளைப் பற்றிக் கேட்பீர்கள். அது பனடோல் போல் நஞ்சு இல்லை. ஆனால் பொடி புண்ணில் அப்பிக்கொண்டால் உள்ளே சீழ் கட்டுவது வெளியே தெரியாது. விபூதியும் அவ்வாறே. பூனைக்காக இறைவனை வேண்டி நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள். புண்ணில் போட வேண்டாம்.

அப்படியானால் என்னதான் செய்வது? முதலில் பார்க்க வேண்டும். காலை ஊன்றுகிறதா, உண்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, கால் தொங்கினாலோ, சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டாலோ அது சின்னக் காயம் அன்று. பெட்டியில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மேல்தோல் சிராய்ப்பு என்றால் நாமே பார்த்துக்கொள்ளலாம். தடித்த துவாலையால் தலை மட்டும் வெளியே தெரிய அதைச் சுற்றிக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அந்த நீரைப் புண்ணின் மேல் மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். நாளுக்கு இருமுறை போதும். வேறு மருந்தே வேண்டாம். நம் ஊர் வெப்பத்தில் திறந்த புண்ணை ஈ விட்டுவைக்காது. ஒரு நாளிலேயே புழு வைத்துவிடும். ஆகவே புண் ஆறும் வரை பூனை வீட்டுக்குள் இருப்பது நல்லது. ஓர் அறையின் மூலை, ஒரு பெட்டி, பழைய துணி, மணல் தட்டு, குடிநீர் – இவ்வளவுதான் அதற்கு வேண்டிய மருத்துவமனை.

மற்றொரு பூனை கடித்த காயத்தை மட்டும் சின்னது என்று எண்ணாதீர்கள். பல் இறங்கிய துளை ஊசிமுனை அளவே இருக்கும். மேலே மூடிக்கொள்ளும், உள்ளே கிருமி பெருகும். இரண்டு மூன்று நாளில் வீங்கிச் சீழ் வைக்கும். அதற்கு மருத்துவர் கீறிச் சுத்தம் செய்து மருந்து கொடுக்க வேண்டும்.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும்; சிலருக்குக் கசக்கலாம். பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும். சாம்பார் சாதத்தில் உள்ள வெங்காயமும் பூண்டும் அவற்றின் இரத்தத்தைக் கெடுக்கும். நாம் சைவம், பூனை சைவம் அன்று. மாமிசத்தில் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் அதற்குக் கண்ணும் இதயமும் கெட்டுப்போகும். அதைப் படைத்தவன் அப்படிப் படைத்திருக்கிறான். வீட்டில் மாமிசம் புழங்காதவர்கள் கடையில் விற்கும் பூனை உணவை வாங்கி வெளியே வைத்துக் கொடுக்கலாம்.

இனி நம்மைக் காத்துக்கொள்வது. மலேசியாவில் பூனையின் நகக்கீறல் வழியாக மனிதருக்குப் பரவும் ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சைநோய் உண்டு. பூனையின் மூக்கிலும் முகத்திலும் பாதத்திலும் ஆறாத புண்ணாகத் தெரியும். மனிதருக்குக் கீறிய இடத்தில் கட்டி தோன்றி, பிறகு கை நெடுகிலும் மணி கோத்தாற்போல் வரிசையாக ஏறும். இரு தரப்புக்கும் இது தீரக்கூடிய நோயே. ஆனால் மருந்தை மாதக்கணக்கில் விடாமல் உண்ண வேண்டும். ஆகவே எந்தத் தெருப்பூனையின் புண்ணையும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு கிளினிக்குக்குச் செல்லுங்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017-இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது நினைவிருக்கட்டும்.

உதவிக்கு எங்கே போவது என்று அம்பாங் வாசிகள் திகைக்க வேண்டியதில்லை. 1958-இல் தொடங்கிய சிலாங்கூர் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இங்கே ஜாலான் கெர்ஜா ஆயர் லாமாவில்தான் இருக்கிறது. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனை உண்டு. சட்டமும் முன்போல் இல்லை. ஒரு காலத்தில் விலங்கை வதைத்தால் அதிக அளவாக 200 வெள்ளி அபராதம். 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி அது 20,000 முதல் 100,000 வெள்ளி வரை. மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

புண் ஆறிய பிறகு என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சுகிறது. நான்கைந்து மாதத்திலேயே பெண்பூனை சினைப்படக்கூடும். மருத்துவரிடம் கொண்டுபோகும்போதே, உடம்பு தேறியதும் கருத்தடை செய்துவிட நாள் கேட்டு வாருங்கள். இல்லையேல் அடுத்த ஆண்டு அதே கோயில் வாசலில் இன்னும் சில பெட்டிகள் இருக்கும். நன்கொடை தரும் அன்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: அன்னதானத்துக்குத் தருவதில் குறைக்காமல், கோயிலைச் சுற்றியுள்ள பூனைகளின் கருத்தடைச் செலவுக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களையும் கேட்டுப் பாருங்கள். பூனை விஷயத்தில் அவர்கள் நமக்கு முன்னே வந்து நிற்பார்கள்.